இரவுக்கு அனுமதி இல்லை

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே குடியம் குகைகள் இருக்கின்றன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. ஆன்லைனில் பதிவுசெய்து, பணம் கட்டி, வழிகாட்டியோடு போகலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அந்தக் குகைகளில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடம். அங்கே எடுத்த மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது. மனிதக் குலத்தின் மூதாதைகள் அவ்வளவு காலம் புழங்கிய காட்டோரத்தில், இன்றைய திருவள்ளூர்க்காரர் ஒருவர் முறையாகப் பணம் கட்டி, ஓர் இரவு படுத்து எழுந்து வர வழியில்லை.

நான் கேட்பது அந்த ஓர் இரவை. அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்ட ஒரு துணி, மேலே மழைக்கு ஒரு விரிப்பு. கடையில் ஹேமக் என்று விற்கிறார்கள். அதையே சின்னதாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டினால் எங்கள் பக்கம் ஏணை, மற்ற ஊர்களில் தூளி.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “குரங்கணி மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி மலை. காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நடக்கப் போன பிள்ளைகள். அதில் பலர் என்னைப் போல மென்பொருள் வேலை பார்த்தவர்கள். அந்தச் சாவுகளை மதிக்கிற யாரும் அதிலிருந்து சரியான பாடத்தைத்தான் எடுக்க வேண்டும். தீ அவர்களைச் சூழ்ந்தது பட்டப்பகலில், காய்ந்த புல் சரிவில், கோடை தொடங்கும் மாதத்தில். தீக்காலத்தில் காட்டை மூடு, அனுமதியில்லாமல் ஆளை விடாதே, வழி தெரிந்த உள்ளூர் ஆளைக் கூட அனுப்பு, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்கு வை. இவைதான் பாடங்கள். இவற்றை அரசு செய்கிறது, நல்லது. மலையோரக் கிராமத்து இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறது, இன்னும் நல்லது. ஆனால் இரவு என்ன செய்தது? குரங்கணி வழக்கில் அதன் மேல் குற்றச்சாட்டே கிடையாதே!

இன்னொன்றையும் கவனியுங்கள். காட்டில் இரவு தங்குவதை யாரும் முழுசாகத் தடைசெய்துவிடவில்லை. வெள்ளைக்காரன் தன் அதிகாரிகளுக்காகக் கட்டிய வன ஓய்வு விடுதிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே யாருக்கு அறை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மலையடிவாரத் தோட்டங்களில் தனியார் ‘கேம்ப்’ நடக்கிறது. வரிசையாகக் கூடாரம், நடுவில் விறகு அடுக்கிய தீ, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. ஒரு இரவுக்கு வாங்கும் காசு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் சில நாள் கூலி. ஆக, காட்டின் இரவு ஏற்கெனவே விற்பனையில்தான் இருக்கிறது. வாங்க முடியாதவர்களுக்கு மட்டும் அது சட்டப் பிரச்சினை. 1882இல் மரத்தைக் காக்க, அதாவது சர்க்காரின் வருமானத்தைக் காக்க, மதராஸ் வனச்சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் காட்டுக்குள் நுழைகிற ஏழை எப்போதும் திருடன்தான். இருளர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தின் புதர்க்காடுகளை இரவிலும் அறிந்தவர்கள் அவர்கள். முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களும் அவர்களே.

சரி, ஏன் ஹேமக்? கூடாரம் போதாதா?

போதாது என்பதற்கு இந்த நிலமே காரணம். கூடாரத்துக்குச் சமதளம் வேண்டும். சமதளம் இல்லாத இடத்தில் நாம் அதை உண்டாக்குவோம்: கல்லைப் பொறுக்கி எறிவோம், புதரை வெட்டுவோம், செடியை மிதிப்போம். பத்துக் குழு வந்துபோனால் அந்த இடம் மொட்டைத் தரை. ஹேமக்குக்குத் தரையே தேவையில்லை. காலையில் அவிழ்த்து எடுத்தால் மிதித்த புல் மட்டும் மிச்சம். துணி, பட்டை, கொசுவலை, மழைவிரிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும்.

அடுத்தது வெக்கை. அமெரிக்கக்காரர்களின் ஹேமக் பேச்சில் பாதி, அடியிலிருந்து முதுகில் ஏறும் குளிரைப் பற்றியது. அதற்கென்று கீழே ஒரு மெத்தையைத் தொங்கவிடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவலியாக இருக்கிற அந்தக் காற்றுதான் நமக்கு வரம். திருவள்ளூரின் புழுக்கத்தில் நைலான் கூடாரத்துக்குள் படுத்தவர்களுக்குத் தெரியும், இட்லிப் பானைக்குள் படுத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது. இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் தரையில் படுப்பவர்கள் அந்த ஆபத்தோடு தினமும் தூங்குகிறார்கள். தரையிலிருந்து முக்கால் முழம் மேலே படுப்பதை சொகுசு என்று சொல்கிறவர், கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்.

கட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பொறியியல் படித்த பாவத்துக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 70 கிலோ இழுவிசை. விறைப்பாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் 200 கிலோ. 5 பாகை என்றால் 400. புதிதாகக் கட்டுகிற எல்லோரும் இழுத்துத்தான் கட்டுவார்கள். மரப்பட்டை உரியும், இல்லையென்றால் கயிறு அறும். தொய்வாகக் கட்டி, உட்கார்ந்தால் நாற்காலி உயரத்துக்கு வருகிற மாதிரி வைத்து, நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு தட்டையாக இருக்கும். பொடிக்கயிறு கூடாது, மரத்தைச் சுற்ற இரண்டு விரல் அகலத்துக்காவது பட்டை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கயிறு வழியே தண்ணீர் ஓடிவந்து முதுகை நனைக்கும். விரிப்புக்கு உட்பக்கமாக இரண்டு கயிற்றிலும் ஒரு நாடாத் துண்டு கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தொழில்நுட்பம் மொத்தமே இவ்வளவுதான்.

இப்போது நியாயமான எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

“இங்க மரம் எங்கப்பா இருக்கு? பூரா முள்ளுக்காடு.” உண்மை. குடியம் பக்கம் பாதிக்கு மேல் புதர். ஆள் பாரத்தைத் தாங்கும் மரம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் மரத்தையே நம்ப வேண்டாம் என்கிறேன். காட்டின் விளிம்பில் வனத்துறை காட்டுகிற இடத்தில் பத்து ஜோடி இரும்புக் கம்பங்கள் நட்டால் போதும். ஜோடிக்கு இடையே பதினான்கு அடி. மேலே சொன்ன 30 பாகைக் கணக்கில் கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 60 கிலோ. ஆள் புரளுவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு தாங்குகிற மாதிரி கான்கிரீட் அடித்தளம் போடலாம். அதற்கு வேண்டிய இரும்பு கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலேயே ராவும் பகலும் உருகிக்கொண்டிருக்கிறது.

“மிருகம்?” முதுமலையில் கம்பம் நடச் சொல்லவில்லை. யானையும் புலியும் உலவும் காட்டில் இரவு அவற்றுக்கே உரியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எல்லாக் காட்டுக்கும் ஒரே பூட்டு போடுவதைத்தான் எதிர்க்கிறேன். நார்வேயில் 1957இலேயே சட்டம் போட்டு, குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி யார் வேண்டுமானாலும் திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று வைத்தார்கள். அங்கே மக்கள்தொகை குறைவு, நம் கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் அளவுக்குத் திறக்கச் சொல்லவில்லை. இரவுக்குப் பத்துப் பேர்.

“குடிச்சிட்டுக் கூத்தடிப்பானுங்க.” இந்த வாதம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இதற்குக் காரணம் எங்கள் கூட்டம். எல்லை தாண்டினால் ஆந்திரத்தில் தடா அருவி, நாகலாபுரம் மலைகள். அந்தச் சுனைகளின் கரையில் உடைந்த பாட்டிலையும் கரிந்த கல்லையும் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனமாகப் போகிறவன் எங்கே தங்கினான், எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. விழுந்து அடிபட்டால் தேடக்கூட ஆள் வராது. பதிவேட்டில் பேர் இருக்கிற பத்துப் பேர், கூடவே அந்த ஊர் வழிகாட்டிகள் இருவர். எது பாதுகாப்பு?

என் சக நடையர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. நாம் கூடினால் பேசுவது கிராம் கணக்கு. யாருடைய பட்டை 20 கிராம் குறைவு, எந்த நாட்டு நைலான் மெல்லிசு. மூட்டையின் எடையைக் குறைக்க இவ்வளவு மூளையைச் செலவழிக்கிறோம், அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க உரிமை இருக்கிறதா என்று ஒரு மனு எழுதியதில்லை. போதாக்குறைக்கு ‘கேம்ப் ஃபயர்’. சினிமாவில் பார்த்த தீ அது. நம் காலநிலையில் குளிர்காயத் தேவையில்லை, சமைக்கவும் தேவையில்லை; ஊரில் கட்டிய புளிசோறு மறுநாள் காலை வரை தாங்கும். குரங்கணிக்குப் பிறகும் காட்டுக்குள் படத்துக்காகத் தீ மூட்டுகிறவனோடு ஒரே குழுவில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னும் ஒரு விஷயம். என் வேலை சிப்காட் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுவது. சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும் லாரிகளின் அடியில், சேஸிஸில் இரண்டு முனையையும் கட்டிய பழைய புடவையில் கிளீனர் பையன்கள் மதியம் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டியிருக்கும் தொய்வு சரியாக இருக்கும்; யாரும் பாகைக் கணக்கு சொல்லித்தரவில்லை. அதை அழகு என்று எழுத எனக்கு வாய் வராது. வேறு இடமில்லாததால் அங்கே படுக்கிறார்கள். நான் கேட்கும் பத்து ஜோடிக் கம்பங்களில் என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் மட்டுமே படுக்கப்போகிறோம் என்றால், இன்னொரு ரிசார்ட்டைத் திறந்துவைத்துவிட்டு அதற்கு உரிமை என்று பேர் வைத்ததாகிவிடும். எனவே கோரிக்கையில் விலையும் உண்டு. துணியும் வலையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்க வேண்டும். கட்டணம் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் அரை நாள் கூலியைத் தாண்டக் கூடாது. பாதி இடங்களை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கும் இங்கே வேலை செய்ய வந்த வடமாநிலத்தவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். தீ கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. தீக்காலத்திலும் புயல் எச்சரிக்கை நாட்களிலும் பூட்டு.

உருக்காலைகளைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இருட்டு என்பதே அபூர்வம். ராத்திரி வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளை பூண்டிப் பக்கம் ஒரு ராத்திரி படுத்து நட்சத்திரம் பார்த்துவிட்டு, காலையில் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகட்டும். 40 பாதைகள் போட முடிந்த அரசால் இருபது கம்பங்கள் நட முடியாதா? கேட்டுப் பார்ப்போம். கிராம் கணக்கு பேசுகிற நேரத்தில் பாதியை எடுத்து ஆளுக்கொரு மனு எழுதினாலே போதும்.