பாதை வெட்டியவனுக்குப் பாதை இல்லையா?

மலையகத்திலே பாதையொன்று உலகப் பெயர் பெற்றிருக்கின்றது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என வளைந்து சென்று நுவரெலியாவில் முடிகின்ற அந்தப் பாதையின் நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். 22 கட்டங்களாக அதனை வகுத்திருக்கின்றார்கள். ‘பீக்கோ ட்ரெயில்’ என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசும் அதற்குப் பணவுதவி புரிந்தன. மோட்டார் வண்டிகளின் இரைச்சலும் புகையும் இல்லாமல், தேயிலை மலைகளையும் காடுகளையும் கண்டு களித்து நடப்பதற்காக வெளிநாட்டார் வருகின்றனர். துவிச்சக்கர வண்டியில் ஊர் சுற்ற வருவோரும் இத்தகைய தோட்டப் பாதைகளையே நாடுகின்றனர்.

நல்ல காரியம். அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வியைக் கேளாதிருக்க எம்மால் இயலாது. அந்தப் பாதையிலே பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. தேயிலைப் பெட்டிகளைப் புகையிரத நிலையத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத் துரைமார் காலத்திலே போடப்பட்ட தோட்டத்துப் பாதைகளே அவை. அவற்றுக்குக் கல்லுடைத்தவன் எவன்? மண் சுமந்தவள் எவள்? இன்று அப்பாதையின் ஓரத்திலே லயன் அறைகளில் வாழ்பவர்களின் பாட்டனும் பாட்டியுமே! கடல் கடந்து வரும் விருந்தாளிக்குத் திறந்துவிடப்படும் பாதையிலே, அதனை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கின்றது?

ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே விடை. அஃது எவ்வாறு என்று விளக்குவது எமது கடமை.

எம்மவர் இந்த நாட்டினுள் வந்ததே ஒரு பாதை வழியாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கடற்கரை மணலையும் வன்னிக் காட்டையும் கால்நடையாகவே கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. எஞ்சியவர்கள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடு வெட்டினார்கள். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த 19 ஏக்கரையும் கொத்திய கைகளின் பெயர் எவருக்குத் தெரியும்? அதே 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. அந்தத் தண்டவாளத்தைத் தேடித்தான் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு பாதை மலையிறங்கி வந்தது.

மகாவலிக் கரையிலே, மலையேற்றத்தின் வாயிலிலே நிற்கின்ற எமது நாவலப்பிட்டி இந்தப் பாதைகளால் வளர்ந்த நகரம். பீக்கோ ட்ரெயில் எமது நகரைத் தொடுவதில்லை. ஆயினும் அதே வகையான பாதைகள் தொலஸ்பாகைப் பக்கமும் கொத்மலைப் பக்கமும் கினிகத்தேனைப் பக்கமும் மலைகளைச் சுற்றிச் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றிற் பலவற்றின் தொடக்கத்திலே ஒரு வாயிலும் சங்கிலியும் காவற்காரரும் உண்டு. அந்தச் சங்கிலியைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

தோட்டக் காணி எவருடையது? 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கம்பனி குத்தகைக்காரன்; காணிக்கு உடைமையாளன் அரசு. அரசின் காணியிலே, அரசின் பிரசைகள் நடக்கின்ற பாதைக்குச் சங்கிலி போடுகின்ற அதிகாரம் குத்தகைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? நாட்டினுள்ளே தடையின்றி நடமாடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. அந்தச் சுதந்திரம் தோட்ட வாயிலோடு நின்றுவிடுமா?

நீண்டகால ஆட்சியுரிமை பற்றி 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கின்றதே என்று சட்டம் அறிந்தோர் கூறலாம். அயலவன் காணியின் ஊடாக எவரிடமும் அனுமதி கேளாமல் பத்து ஆண்டுகள் தடையின்றி நடந்தவன் அதன்வழி வழியுரிமை கோரலாம் என்பது மெய்யே. எத்தனையோ ஒழுங்கைகளை அச்சட்டம் காப்பாற்றியிருக்கின்றது. ஆனால் அது அரசின் உரிமையைத் தொடுவதில்லை. அதனினும் பெரிய தடையொன்று உண்டு. வழியுரிமை என்பது எமது நாட்டுச் சட்டத்திலே காணியோடு ஒட்டிய உரிமை. காணியுள்ளவன் தன் காணிக்காக அதனைக் கோரலாம். லயன் அறையில் இருப்பவனுக்குக் காணி ஏது? பத்து ஆண்டுகள் நடந்த காணிக்காரனுக்கு வழக்குண்டு. தலைமுறை தலைமுறையாக நடந்த தொழிலாளிக்கு வழக்கில்லை! நிலம் இல்லாதவனுக்கு வழியும் இல்லை என்பதே இதன் பொருள்.

உள்ளூராட்சி மன்றமாவது துணை நின்றதா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. எம்மவர் வாக்களித்தார்கள், சபை உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள், அந்த உறுப்பினரால் தம்மைத் தெரிவு செய்தவர்களின் வாசலுக்கு ஒரு வண்டிக் கல் கொண்டுவந்து கொட்ட முடியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளின் பின்னர், 2018இலே அச்சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தது. ஆயினும் கதவு திறந்தவுடன் பாதை தானாக நடந்து வந்துவிடுமா? பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் போர்வையிலே கட்டித் தூக்கிவரும் காட்சி மலையகத்தில் எவருக்கும் புதியதன்று.

ஆகவே நாம் சொல்வது இது: வெளிநாட்டு விருந்தாளிக்காகத் திறக்கப்படும் ஒவ்வொரு தோட்டப் பாதையும் முதலிலே சட்டப்படி பொதுப் பாதையாகப் பிரகடனம் செய்யப்பட வேண்டும். அதிலே நடப்பதும் துவிச்சக்கர வண்டி செலுத்துவதும் நோயாளியைக் கொண்டு செல்வதும் அங்கு வாழ்பவரின் உரிமை என எழுத்தில் வர வேண்டும். பொழுதுபோக்க வருபவனுக்கு வழி தருகின்ற அரசு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வழி தர மறுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இதற்கு மறுப்புகள் எழும். அவற்றையும் ஆராய்வோம்.

‘மலையிலே துவிச்சக்கர வண்டியா?’ என்று சிலர் நகைப்பர். பழைய தோட்டப் பாதைகளைப் பார்த்தவர்கள் நகைக்கமாட்டார்கள். மாட்டு வண்டி பாரத்தோடு ஏற வேண்டும் என்பதற்காக மலையை வளைத்து வளைத்து, ஏற்றத்தைக் குறைத்து வெட்டப்பட்ட பாதைகள் பல. மாடு இழுத்த இடத்திலே மனிதன் மிதிக்க முடியாதா? நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற சிறு புகையிரதப் பாதை 1940களிலே மூடப்பட்டது. ஸ்பெயின் நாட்டிலே இவ்வாறு கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளை 1993 முதல் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் உரிய பசுமை வழிகளாக்கி வருகின்றார்கள். இன்று அவை 3,000 கிலோமீற்றருக்கு மேல். எமது அரசோ கைவிட்டதைக் கைவிட்டபடியே மறந்துவிட்டது.

‘நாட்கூலிக்குப் போராடும் மக்களுக்குச் சைக்கிள் பாதை ஒரு கேடா?’ என்று எமது அணியிலேயே கேட்பவர்கள் இருக்கின்றனர். கூலிப் போராட்டம் நிற்கட்டும் என்று நாம் கூறவில்லை. கூலி கிடைத்தபின் அதிலே எவ்வளவு முச்சக்கர வண்டிக்குப் போகின்றது என்று கேட்கின்றோம். தோட்டத்தின் ஓரத்திலே போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் பயிரிடும் விவசாயி, தன் மூட்டையைப் பெருந்தெருவுக்குக் கொண்டுவர எவ்வளவு கொடுக்கின்றான் என்று கேட்கின்றோம். 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது, உத்தியோகத்தரும் வைத்தியரும்கூடத் துவிச்சக்கர வண்டியைத் தேடவில்லையா? கொழும்பிலே அது அவசரத்துக்கு உதவியது. மலையிலே பாதுகாப்பான பாதை இருந்தால் அது நாள்தோறும் உதவும்.

தமிழகத்துப் புதுக்கோட்டையை நினைவூட்டுகின்றோம். 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு துவிச்சக்கர வண்டியையும் சேர்த்துக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரம் ஆயிரமாக வண்டி ஏறினார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவரையும் எதிர்பாராமல் சென்று வந்தார்கள். ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கொழுந்து பறிக்கும் எமது சகோதரிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டாமா?

‘பணம் எங்கே?’ என்பது மூன்றாவது மறுப்பு. ஒல்லாந்தின் வரலாறு இதற்கு விடை தரும். துவிச்சக்கர வண்டிப் பாதைகளுக்கு இன்று உலகமே அந்த நாட்டைக் காட்டுகின்றது. அவை அரசு மனமிரங்கித் தந்த கொடையென்று எண்ணுதல் தவறு. 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 3,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவிலே அமர்ந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதையே தம் இயக்கத்தின் பெயராக்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு பணிந்தது. கேட்ட பின்னரே பணம் பிறந்தது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியிலே வீசிய தித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. மண்சரிவுகளிலே குடும்பங்கள் புதைந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களிலே அடித்துச் செல்லப்பட்டது. கானும் மதகும் பேணப்படாத மலைப்பாதை மழைநீரைச் சரிவிலே பாய்ச்சும் வாய்க்காலாக மாறும் என்பதை அறிய நாம் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. பாதையை அழகுக்காகத் திறந்துவிட்டுக் கானைத் துப்புரவாக்க ஆள் வைக்காத திட்டம், விருந்தாளி போனபின் லயனின் தலைமேல் வந்து விழும்.

எமது கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, சுற்றுலாவுக்குப் பயன்படும் தோட்டப் பாதைகள் அனைத்தையும் சட்டப்படி பொதுப் பாதைகளாக்குக; காணி இல்லாதவருக்கும் வழியுரிமை உண்டென்று சட்டம் இயற்றுக.

இரண்டாவது, 2025 மே மாதத் தேர்தலிலே தெரிவான பிரதேச சபைகள் 2018ஆம் ஆண்டின் திருத்தத்தைக் கையிலெடுத்து, நாவலப்பிட்டியைச் சூழவுள்ள தோட்டப் பாதைகளை அளந்து, அவற்றுள் ஒரு சுற்றையேனும் மோட்டார் வண்டிகள் புகாத துவிச்சக்கர வண்டிப் பாதையாக ஒதுக்குக. நோயாளர் வண்டிக்கு மாத்திரம் விலக்களிக்கலாம்.

மூன்றாவது, அப்பாதையைப் பேணும் வேலையும், வழிகாட்டும் வேலையும், விருந்தாளிக்கு உணவும் தங்குமிடமும் தரும் உரிமையும் பாதையோரத்துக் குடும்பங்களுக்கே முதலிற் கிடைக்க வேண்டும். அதற்கு வீட்டுக் காணியின் உறுதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். சுவர் ஒன்றைக்கூடத் தனதென்று காட்ட இயலாதவர் எந்தக் கந்தோரிலே அனுமதி பெறுவார்?

நான்காவது, மன்னார்க் கரையிலிருந்து காட்டினூடாக மாத்தளை வரை எம்மவர் நடந்த வழியை அடையாளமிட்டு, நடப்பதற்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உரிய நினைவுப் பாதையாக்குக. மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவிலே, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். வாகனங்கள் விரையும் பெருந்தெரு ஓரமாக அவர்கள் நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது. மாண்டவர்களுக்குக் கல்லறை கட்ட இயலாவிட்டால், அவர்கள் விழுந்த வழியையாவது அமைதியாக விடுங்கள்.

சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, விவசாயத் தோழர்களே! உங்கள் ஊரிலே தோட்டத்தினூடாகச் செல்லும் பாதை எது, எத்தனை ஆண்டுகளாக மக்கள் அதிலே நடக்கின்றனர், எங்கே சங்கிலி கிடக்கின்றது என்பதை எழுதி, முதியவர்களின் சத்தியக் கடதாசிகளோடு உங்கள் பிரதேச சபையிலே கையளியுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் செல்லுங்கள். விருந்தாளியை வரவேற்போம்; அவன் எமது பாதையிலே மகிழ்ந்து செல்லட்டும். ஆனால் அது எமது பாதை என்பது முதலிலே எழுத்தில் இருக்கட்டும்!