மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?



புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ஐந்தே நாள். இரவு பதினோரு மணி. மடிக்கணினியின் பட்டனை அழுத்துகிறேன். கம்பெனி பெயர் வருகிறது, மறைகிறது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக்கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து முறை அணைத்துப் போட்டேன். அதே கோடு!

அது என் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. எங்கள் வீடும் அதில் ஒன்று. அக்கா படித்து முடித்து எனக்குத் தந்தாள். அதற்குள்தான் எங்கள் பேட்ச் நால்வரின் புராஜெக்ட் ரிப்போர்ட், சர்க்யூட் படங்கள், போதாக்குறைக்கு அக்கா கல்யாணப் போட்டோக்கள். வேறு நகல்? இல்லை. "நாளைக்கு காப்பி எடுத்துக்கலாம்டா" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம்!

மறுநாள் கடைக்கு ஓடினேன். முதல் கடைக்காரர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "வைரஸ் தம்பி. ஃபார்மட் பண்ணணும். ஐந்நூறு ரூபா. உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், பரவாயில்லையா?" அதே தெருவில் அடுத்த கடை. "மதர்போர்டை வைரஸ் அடிச்சிருச்சுப்பா. நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்." ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியர், இரண்டு தீர்ப்பு! இரண்டு பேருமே ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. நாலாயிரத்து ஐந்நூறு என்பது என் அம்மா தையல் மிஷினில் ஒரு மாதம் மிதித்தால் வருகிற காசு.

இங்கேதான் நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். நாம் டிப்ளமோ படிக்கிறோம். டியூப் லைட் எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? சப்ளை வருகிறதா, பியூஸ் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் நல்லதா, சோக் நல்லதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். அதற்கு லேபில் மார்க்கும் வாங்குகிறோம். அப்படியிருக்க, கணினி கிளம்பவில்லை என்றதும் அந்தப் படிப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? "வைரஸ்" என்று ஒரு சொல் கேட்டதும் பேய் பிடித்தவன் பூசாரியிடம் ஓடுவதுபோல ஏன் ஓடுகிறோம்?

எங்கள் துறை சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "மெஷின் எதுவரைக்கும் வருதுன்னு பாருடா. அது வந்து நிக்கிற இடம்தான் உனக்குப் பதில்."

எவ்வளவு உண்மை! லைட்டே எரியவில்லை என்றால் வைரஸைத் திட்டிப் பயனில்லை. அடாப்டரின் மேல் 19 வோல்ட் என்று போட்டிருந்தால் மல்டிமீட்டரில் அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு அடாப்டரை மட்டும் சொருகிப் பார்க்க வேண்டும். லைட் எரிந்து திரை வரவில்லை என்றால் ராம் மேல் சந்தேகம். கழற்றி, அதன் தங்கநிறக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் சொருகினாலே உயிர் வந்த மெஷின்கள் உண்டு. கம்பெனி பெயர் வந்துவிட்டதா? அப்படியானால் பிராசஸர், ராம், திரை மூன்றும் பெரும்பாலும் நலம். பயாஸ் பக்கத்துக்குள் போய் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றாலோ, உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ நோய் பெரும்பாலும் டிஸ்க்கில். அப்போது அதைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்கவே கூடாது.

என் மெஷினில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தது! அப்படியென்றால் மதர்போர்டு செத்தது என்ற தீர்ப்பு தள்ளுபடி. அடிபட்டது கிளப்பிவிடும் பகுதி. பழைய கணினிகளில் ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் கிளம்புவதற்கான சிறு நிரல் இருக்கிறது. வைரஸ்களுக்கு அந்த இடம் புதிதல்ல. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெயின்' வைரஸ், ஃபிளாப்பியின் பூட் செக்டரில்தான் குடியேறியது. பயாஸையே அழித்த வைரஸும் உண்டு: தைவானில் உருவான சி.ஐ.எச்., 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் ஹார்டு டிஸ்க்கை அழித்ததோடு, சில கணினிகளின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. ஆனால் அது அபூர்வம். அபூர்வத்தைக் காட்டி அன்றாடம் மதர்போர்டு மாற்றச் சொல்வது நியாயமா?

பிறகு செய்தது இதுதான். கல்லூரி லேபின் சுத்தமான கணினியில், ஒரு பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றினோம். அதிலிருந்தே என் மடிக்கணினியைக் கிளப்பினோம். டிஸ்க்கில் எதையும் நிறுவவில்லை. ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால்... அத்தனையும் அப்படியே இருந்தன! வைரஸ் மறைத்துவிட்டு ஷார்ட்கட் மட்டும் காட்டிய ஃபோல்டர்கள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. "மச்சான், ரிப்போர்ட் இருக்குடா!" என்று நண்பன் கத்திய கத்தலில் லேப் அசிஸ்டென்ட் சார் எழுந்தே வந்துவிட்டார். ஆவணங்களையும் போட்டோக்களையும் மட்டும் வேறு பென் டிரைவில் எடுத்தோம். நிரல் கோப்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொற்று பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எடுத்ததையும் கிளாம் ஏ.வி. கொண்டு சோதித்தோம்.

அதன் பிறகு? ஃபார்மட்தான் செய்தோம்! சிரிக்காதீர்கள். ஃபார்மட் குற்றமல்ல. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதே குற்றம். பொருளை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்கு மருந்தடிப்பது ஒன்று. பொருளோடு வீட்டைக் கொளுத்துவது வேறு. அந்தப் பழைய மெஷினில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. அதனால் அதில் இலேசான லினக்ஸ் ஒன்றையே போட்டோம். ரிவ்யூவுக்கு ஒருநாள் முன்பே ரிப்போர்ட் தயார். செலவு? பென் டிரைவுக்கான காசு மட்டும்.

கடைக்காரரைத் திட்டுவது என் நோக்கமில்லை. அவருக்கு வாடகை உண்டு, வரிசையில் இருபது மெஷின் உண்டு. பிழை எங்கே தொடங்கியது என்றால், என்னிடம்தான்! சர்க்யூட் வரைய ஒரு மென்பொருளின் 'கிராக்' வாங்கினேன். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று அதிலேயே எழுதியிருந்தது. அணைத்தேன்! திருடனுக்கு வாசலைத் திறந்து விளக்கும் பிடித்தவன் நான். கீகேட், ஃப்ரீகேட், லிப்ரேகேட் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆட்டோடெஸ்க் நிறுவனமே தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவச அனுமதி தருகிறது. பிறகு எதற்கு நமக்குத் திருட்டுப் பிரதி?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. என் கோப்புகள் பிழைத்தது அதிர்ஷ்டம். 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' போன்றது வந்திருந்தால், கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், திறந்திருக்காது. அதற்கு மருந்து ஒன்றே: முன்கூட்டி எடுத்து வைத்த நகல்.

ஆகவே நமது மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கலைவிழாவுக்கு மேடை போடுகிறோம், போட வேண்டியதுதான். அதோடு வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு மேஜை போடுவோம். ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்குரூடிரைவர் செட், லினக்ஸ் ஏற்றிய இரண்டு பென் டிரைவ் போதும். மூன்றாமாண்டு மாணவர்கள் உட்கார்ந்து முதலாண்டுத் தம்பி தங்கைகளின் மெஷினைப் பார்க்கட்டும். பார்ப்பதோடு நிற்காமல், பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுத் தரட்டும். துறைத்தலைவர்கள் அனுமதி தந்தால் லேபிலேயே நடத்தலாம். சரி செய்ய முடியாததும் வரும்; அதைக் கடைக்கு அனுப்புவோம். ஆனால் எங்கே பழுது என்று தெரிந்துகொண்டு அனுப்புவோம்.

கையில் டிப்ளமோ சான்றிதழ் வருவதற்கு முன், கையில் தொழில் வரட்டும் தோழர்களே! இன்று இரவே உங்கள் ரிப்போர்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை