புதுப்பள்ளி வீட்டின் திறந்த கதவு

2021 மார்ச் மாதம். கேரளத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய தேர்தலில் பாஜக வென்ற ஒரே தொகுதி திருவனந்தபுரத்தில் உள்ள நேமம். அங்கே உம்மன் சாண்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்று காங்கிரசில் பேச்சு அடிபட்டது. அவ்வளவுதான், கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஆளை விடமாட்டோம் என்று கோஷம். ஒரு தொண்டர் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, சாண்டி வேறு தொகுதிக்குப் போனால் உயிரை விட்டுவிடுவேன் என்றார்.

அப்போது சாண்டிக்கு 77 வயது. அந்தத் தொகுதியில் ஏற்கெனவே 11 முறை வென்றிருந்தார். இரண்டு முறை முதலமைச்சராக இருந்து முடித்தாயிற்று. இனி அவரால் புதுப்பள்ளிக்குப் புதிதாக என்ன கிடைத்துவிடப்போகிறது? ஆனாலும் ஊர் அவரை விடவில்லை. அவரும் போகவில்லை. பன்னிரண்டாவது முறையாகப் புதுப்பள்ளியிலேயே நின்று வென்றார்.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதிக்கு என்னவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவில் இவ்வளவு முழுமையாகப் பதில் தந்தவர்கள் குறைவு. அந்தப் பதிலின் அழகையும் அதில் உள்ள குறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டிலும் நாம் நம் எம்.எல்.ஏ.விடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

1943 அக்டோபர் 31 அன்று பிறந்த சாண்டி, கேரள மாணவர் சங்கமான கே.எஸ்.யு. வழியாக அரசியலுக்கு வந்தவர். 1970 செப்டம்பரில் புதுப்பள்ளியில் முதன்முறையாக நின்றபோது 27 வயது நிரம்பவில்லை. எதிரில் நின்றவர் அப்போதைய எம்.எல்.ஏ.வான மார்க்சிஸ்ட் கட்சியின் இ.எம். ஜார்ஜ். சாண்டி 7,288 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதன் பிறகு ஏறத்தாழ 53 ஆண்டுகள், 2023 ஜூலையில் இறக்கும் நாள்வரை, அந்த ஊரின் உறுப்பினர் அவர்தான். பாலா தொகுதியை அரை நூற்றாண்டு கையில் வைத்திருந்த கே.எம். மாணியின் சாதனையையும் 2022இல் தாண்டினார்.

நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புரியும். கருணாநிதி 13 தேர்தல்களில் தோற்காதவர். ஆனால் அந்த வெற்றிகள் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று ஏழு தொகுதிகளில் பரவிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் தலைவர் எந்தத் தொகுதியில் நின்றாலும் தலைவர்தான். சாண்டிக்குப் பலமே புதுப்பள்ளி.

அந்தப் பலம் மேடைப் பேச்சில் வந்ததில்லை. அவர் பெரிய பேச்சாளர் இல்லை. சொற்கள் வேகமாக, பாதி விழுங்கப்பட்டு வரும். தலைமுடி கலைந்தே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பள்ளி வீட்டில் இருப்பார். கதவு திறந்திருக்கும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகனுக்காக வந்த தாய், வீட்டுக் கடனில் ஜப்தி நோட்டீஸ் வாங்கியவர், மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாதவர் என்று எல்லோரும் அந்த ஒரே கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். நின்றபடியே தாளை வாங்கிப் படித்து, அதன் ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவார். எந்தக் கட்சிக்காரர் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

2011இல் இரண்டாம் முறை முதலமைச்சரானபோது இந்த ஞாயிற்றுக்கிழமையை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். ‘ஜனசம்பர்க்க பரிபாடி’ என்று பெயர். தமிழில் மக்கள் தொடர்பு நிகழ்ச்சி என்று சொல்லலாம். மாவட்டம் மாவட்டமாகப் போய், ஒரு மைதானத்தில் அதிகாரிகளையெல்லாம் உட்காரவைத்து, காலையில் மனு வாங்கத் தொடங்கினால் இரவாகிவிடும். சில இடங்களில் நள்ளிரவையும் தாண்டும். நடக்க முடியாதவர்களை ஆம்புலன்சில் கொண்டுவருவார்கள். முதலமைச்சர் ஆம்புலன்ஸ் அருகே போய் நின்று பேசுவார். 2013இல் இந்த நிகழ்ச்சிக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

எதிர்க்கட்சியான இடது முன்னணி இதைக் கடுமையாக விமர்சித்தது. கிராம அலுவலர் செய்ய வேண்டிய வேலையை ஒரு முதலமைச்சர் செய்கிறார், இது ஆட்சியா என்று கேட்டார்கள். அரசியலுக்காகச் சொன்னதுதான் என்றாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மூன்று சக்கர வண்டி கிடைக்க முதலமைச்சரின் கையெழுத்து வேண்டியிருக்கிறது என்றால், வட்டாட்சியர் அலுவலகம் எதற்கு? மைதானத்துக்கு வர முடிந்தவருக்குத் தீர்வு கிடைத்தது. வரத் தெரியாதவருக்கு, வரப் பேருந்துக் காசு இல்லாதவருக்கு?

இந்த இடத்தில் சாண்டிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவருக்கே இது தெரிந்திருந்தது. மைதானத்தில் ஒரே மாதிரி மனுக்கள் குவியும்போது, தடையாக இருந்த சில விதிகளைத் திருத்தி ஆணை போட்டது அவர் அரசு. இன்ன சான்றிதழை இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தவறினால் அதிகாரிக்கு அபராதம் என்று சொல்லும் சேவை உரிமைச் சட்டம் 2012இல் அவர் ஆட்சியில்தான் கேரளத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு ‘ஸ்ருதிதரங்கம்’ என்ற திட்டம் வந்தது. பிறவியிலேயே காது கேட்காத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். அதை அரசு ஏற்றுக்கொண்டது. நிவாரண நிதியிலிருந்து ஒரு தகப்பனுக்கு உதவி செய்வது கருணை. திட்டமாகவே அறிவித்துவிட்டால், யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாத மலைக்கிராமத்துப் பெற்றோரும் மருத்துவமனைக்குப் போய் உரிமையோடு கேட்கலாம். சாண்டி கையெழுத்திட்ட எத்தனையோ மனுக்களைவிட இந்த இரண்டு முடிவுகளையே அவருடைய அரசியல் வாழ்வின் உயரமாகக் கொள்ள வேண்டும்.

திறந்த கதவுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அவரிடம் சொந்தமாகக் கைபேசி கிடையாது. உதவியாளர்களின் போனில்தான் பேசுவார். கேரளத்தில் இது பிரியத்தோடு சொல்லப்பட்ட கதை. 2013இல் அதுவே அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது. சூரிய மின்கருவி பொருத்தித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் பறித்த கும்பலுக்கும் முதலமைச்சர் அலுவலக ஊழியர்களுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு இருந்தது வெளியே வந்தது. தனி உதவியாளர் ஒருவர் கைதானார். ஆகஸ்டில் இடது முன்னணியினர் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பதவியில் இருந்தபடியே ஆணையத்தின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் பதில் சொன்னார் சாண்டி. இந்த விவகாரத்தை ஒட்டி அவர்மீது சுமத்தப்பட்ட பாலியல் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று சிபிஐ 2022இன் இறுதியில் சொன்னது. அதற்குள் இடையில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் முடிந்து, ஆட்சியும் கைமாறியிருந்தது.

அவர் நேர்மை குறித்து இந்தக் கட்டுரைக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் திறந்த கதவில் தரகரும் நுழைவார். யார் வந்தார், எதற்கு வந்தார், யார் போனில் யார் பேசினார் என்பதற்குப் பதிவேடு இல்லாத அலுவலகத்தில் ஏழை மூதாட்டியும் மோசடிக்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். மனிதரின் நல்ல மனதை மட்டும் நம்பி ஓடும் அலுவலகத்துக்கு நேரும் ஆபத்து இது. சாண்டி இதற்குக் கொடுத்த விலை பெரிது.

தமிழ்நாட்டில், குறிப்பாகத் தேனி, மதுரைப் பக்கத்தில், பலருக்கு அவர் பெயர் பழக்கமானது முல்லைப் பெரியாறு பிரச்சினையில். அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பளித்தது. அப்போது சாண்டி முதல் முறை முதலமைச்சர். சில வாரங்களுக்குள் கேரள சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து 136 அடிக்கு மேல் கூடாது என்றது. நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்ற வாக்கால் செல்லாததாக்கும் முயற்சி அது. தவறான முயற்சி. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இரு பக்கத்து மக்களும் பட்டது கொஞ்சமில்லை. 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் வண்டிகள் நின்றன, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

அதே டிசம்பரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முல்லைப் பெரியாறு உடைந்தாலும் அந்தத் தண்ணீரை இடுக்கி அணை தாங்கும் என்று கேரளத்தின் அட்வகேட் ஜெனரலே உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார். மாநிலமே கொதித்தது, அவரைப் பதவி நீக்க வேண்டும் என்ற குரல்கள் ஆளும் தரப்புக்குள்ளேயே எழுந்தன. சாண்டி நீக்கவில்லை. வாசலில் நிற்கும் கூட்டத்தின் மனநிலையை அறிவதில் கெட்டிக்காரரான அவர், அந்த ஒரு தருணத்தில் கூட்டம் சொன்னதைக் கேட்கவில்லை.

கட்சி அரசியலில் அவர் சாது என்று நினைத்துவிட வேண்டாம். காங்கிரசுக்குள் ஏ.கே. அந்தோணியின் அணியைக் கட்டிக்காத்தவர் அவர். எதிர் அணித் தலைவர் கருணாகரனோடு நடந்த நீண்ட கோஷ்டிச் சண்டையின் தளபதியும் அவரே. 1994இல் காங்கிரஸ்காரரான எம்.ஏ. குட்டப்பனுக்கு மாநிலங்களவை இடம் மறுக்கப்பட்டதைக் கண்டித்து நிதியமைச்சர் பதவியை உதறினார். 2011இல் 140 பேர் கொண்ட அவையில் 72 பேரை வைத்துக்கொண்டு ஐந்தாண்டும் ஆட்சியை ஓட்டிய சாமர்த்தியமும் அவருடையது. 2016இல் தோற்றதும், எதிர்க்கட்சித் தலைவர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கினார்.

புதுப்பள்ளிக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். ஆனாலும் வாக்குக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. 2011இல் அவர் முன்னிலை 33,255. 2016இல் 27,092. 2021இல் 9,044. அவ்வளவு பாசம் வைத்த ஊரிலும் தேய்மானம் இருந்தது. அரை நூற்றாண்டாக ஒரே முகம், நல்ல முகமே ஆனாலும், இளைஞர்கள் வேறு எதையோ தேடத் தொடங்கியிருந்தார்கள். தோன்றுவது என்னவென்றால், அவர்களுக்கு வேலையும் வாய்ப்பும் வேண்டியிருந்தது. மனுவில் ஒரு கையெழுத்து அதற்குப் போதவில்லை.

2023 ஜூலை 18 அன்று பெங்களூரில் சாண்டி இறந்தார். மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஒன்றில் உடல் புறப்பட்டது. கோட்டயம் அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பேருந்து போய்ச் சேர ஒரு நாளுக்கும் மேல் ஆனது. நள்ளிரவில் மழையில் சாலையோரம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் விருப்பப்படி அரசு மரியாதை கிடையாது. புதுப்பள்ளி புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். செப்டம்பர் இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அது தந்தைக்கு ஊர் செலுத்திய அஞ்சலி. மகனுக்கான தீர்ப்பு என்று அதைக் கொள்ள முடியாது.

தமிழ்நாட்டிலும் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவோடு வருபவர்களில் பலர் அதே மனுவை முன்பும் கொடுத்தவர்கள். சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இங்கே பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. சாண்டியின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 2012ஆம் ஆண்டுப் பக்கத்தைத்தான். நம் எம்.எல்.ஏ. அலுவலகம் ஒவ்வொன்றும் வந்த மனுக்களுக்குப் பதிவேடு வைக்கட்டும். இந்த ஆண்டு பட்டாவுக்கு எத்தனை, முதியோர் ஓய்வூதியத்துக்கு எத்தனை, மருத்துவ உதவிக்கு எத்தனை, எது எந்த அலுவலகத்தில் எந்த விதியால் நின்றது என்று தொகுத்து வெளியிடட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சட்டமன்றத்தின் கேள்வி நேரத்தில் அமைச்சரைக் கேட்கட்டும்.

சாண்டியின் கல்லறைக்கு இன்றும் ஆட்கள் மெழுகுவத்தியோடு வருகிறார்கள். சிலர் தங்கள் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி அங்கே வைத்துவிட்டுப் போவதும் உண்டு.