திரை அணைந்த பிறகு

எம்ஆர்டியில் நின்றுகொண்டே பலர் செய்யும் ஒரு வேலையை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கைப்பேசியில் திறந்து கிடக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவார்கள். முகத்தில் வீடு பெருக்கி முடித்த நிம்மதி தெரியும். கேட்டால், "பேட்டரி மிச்சமாகுதே!" என்பார்கள்.

பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. நீங்கள் வேறு செயலிக்கு மாறியதும் முந்தைய செயலி பெரும்பாலும் உறங்கிவிடும். பட்டியலில் தெரிவது அது கடைசியாகக் காட்டிய படம்தான். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கூடுதல் மின்சாரம். செயலி அசையாமல் உறைந்துபோனால் மட்டும் மூடுங்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

திரை அணைந்த பிறகும் சில வேலைகள் நடக்கத்தான் வேண்டும். வானொலியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உங்களுக்குக் கேட்பது என் குரல் ஒன்றுதான். அடுத்த பாடல், செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பவர்கள் வேறு. அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் நிகழ்ச்சி நடக்காது.

2010க்கு முன்பு ஐபோனில் வானொலிச் செயலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே மின்னஞ்சல் பார்க்க முடியாது. செயலியை விட்டு வெளியே வந்தால் பாட்டு நின்றுவிடும். அந்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 4தான் பின்னணியில் ஒலிக்க அனுமதி தந்தது. ஆண்ட்ராய்டில் முதலில் தாராளமாக இடம் இருந்தது. பேட்டரி கரைந்ததால் 2015ல் ஆண்ட்ராய்டு 6 கடிவாளம் போட்டது. மின்னூட்டம் ஏற்றாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் வேலைகள் ஒத்திப்போடப்படும். அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் கதவு திறக்கும். 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9, நீங்கள் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்துச் செயலிகளைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. அரிதாகத் திறக்கும் செயலிக்குக் குறைந்த வாய்ப்புதான்.

இந்தக் கட்டுப்பாட்டின் விளைவைச் சிங்கப்பூரர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தபோது ஐபோன்காரர்கள் அதைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. பின்னணிக்குப் போன செயலி புளூடூத்தைத் தாராளமாகப் பயன்படுத்த ஐபோன் விடவில்லை. ஜூனில் முதியோருக்கு முதலில் வழங்கப்பட்ட கையடக்கக் கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு இருந்தது ஒரே வேலை.

அண்மையில் நேயர் ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார். கையில் ஒட்டிய உணர்கருவி ரத்தச் சர்க்கரையை அளந்து புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும். அளவு இறங்கினால் செயலி அலறும். அப்பாவோ படுக்கப்போகும் முன் எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடிவிடுவார். ஒருநாள் விடியற்காலையில் அவர் வியர்த்து நடுங்குவதை அம்மா பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். கைப்பேசி தலைமாட்டிலேயே இருந்தது, ஆனால் சத்தமே போடவில்லை. உணர்கருவி அளந்துகொண்டுதான் இருந்தது. எச்சரிக்க வேண்டிய செயலிதான் விழித்திருக்கவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. மூடினால் நல்லது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே!

அதனால் இந்த வார இறுதியில் பெற்றோர் வீட்டுக்குப் போனால், சாப்பிட்ட பிறகு அவர்களுடைய கைப்பேசியை வாங்கி ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தச் செயலி இரவிலும் விழித்திருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். சர்க்கரை அளவு, மருந்து நினைவூட்டல், வீட்டுக் கேமரா என்று மூன்று நான்குதான் தேறும். ஆண்ட்ராய்டு என்றால் அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று மாற்றுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ்' பகுதியில் அதை இயக்கிவையுங்கள். அறிவிப்பு அனுமதி, புளூடூத் இரண்டையும் சரிபாருங்கள். கடைத்தொகுதிச் சலுகை, விளையாட்டு போன்றவற்றுக்கு அதே இடத்தில் அனுமதியை எடுத்துவிடலாம். பேட்டரி உண்மையிலேயே மிச்சமாவது அங்கேதான்.

சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மேலே தள்ளி மூடினாலே செயலி முற்றிலும் நின்றுவிடும். இன்னும் சில, பேட்டரியைக் காக்கிறேன் என்று தாமாகவே நிறுத்திவிடும். எனவே அமைப்பை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். "இதை மட்டும் மூடாதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.