தங்கை காத்த வீடு

ஓர் அரசாணை போட்டு, வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் எழுத்தாளரின் வீடு பிழைத்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். ஆன்டன் செகாவின் இரண்டு வீடுகள் வேறு கதை சொல்கின்றன.

மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ. 1892 முதல் 1899 வரை செகாவ் அங்கே வாழ்ந்தார். அவர் விற்றுவிட்டுப் போன பின் அந்த வீடு அழிந்தது; இன்று நிற்பது பின்னாளில் மறுபடி கட்டியது. 'கடற்பறவை' நாடகத்தை எழுதிய சிறு குடில் மட்டும் தப்பியது.

அடுத்தது யால்டா. காசநோய் முற்றியதால் கிரிமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1898இல் மனை வாங்கிக் கட்டிய வீடு. எழுத்துரிமையைப் பதிப்பாளர் மார்க்ஸுக்கு 75,000 ரூபிளுக்கு விற்ற பணம் கைகொடுத்தது. 'செர்ரித் தோட்டம்' இங்கேதான் எழுதப்பட்டது. 1904இல் செகாவ் இறந்தார். உயிலாக எழுதிய கடிதத்தில் வீட்டை அவர் விட்டுப்போனது தங்கை மாரியாவுக்கு.

1957இல் தானும் சாகும்வரை மாரியா அந்த வீட்டைக் காத்தார். உள்நாட்டுப் போர் வந்தது. 1921இல் வீடு அருங்காட்சியகமாகி, பொறுப்பு அவரிடமே வந்தது. 1927இல் நிலநடுக்கம். 1941இல் ஜெர்மானியப் படை. வீட்டில் தங்க வந்த ராணுவ அதிகாரிக்குச் செகாவின் படிப்பறையையும் படுக்கையறையையும் அவர் திறந்துவிடவில்லை. ஜெர்மன் நாடகாசிரியர் ஹௌப்ட்மானின் படத்தை மட்டும் கண்ணில் படும்படி வைத்தார். அப்போது மாரியாவுக்கு வயது 78.

அதனால்தான் படிப்பறைக் கணப்பின் மேல் ஓவியர் லெவிதான் வரைந்த நிலவொளி வைக்கோற்போர்கள் இன்றும் இருக்கின்றன. புகைபிடிக்க வேண்டாம் என்று நோயாளி வீட்டில் வைத்த அறிவிப்பும் இருக்கிறது.

இதே மாரியாதான் அண்ணனின் கடிதங்களை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். கூச்சம் தந்த இடங்களில் கத்தரியும் வைத்தார். அறையைத் தூசு தட்டிய கை வாக்கியங்களையும் தட்டியது. அவர் உழைப்பை இதனால் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் காப்பவரின் அன்போடு அவரது அச்சமும் நினைவில்லத்தில் குடியேறிவிடுகிறது. செகாவின் முழுக் குரலைக் கேட்க வாசகர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எழுத்தாளரின் வீட்டுக்காக இனி மனுப் போடுகிறவர்கள் சுண்ணாம்புக்கும் சிலைக்கும் மட்டும் பணம் கேட்க வேண்டாம். அந்த எழுத்தைப் படித்த ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம் கேளுங்கள். கத்தரி படாத கையெழுத்துப் பிரதிகளுக்கு ஓர் அறையும், அதை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் விதியும் கேளுங்கள். இவை கிடைக்காத இடத்தில் திறப்பு விழாவுக்குப் போகாமலிருப்பதே மரியாதை.