நிறுத்துத் தர முடியாத பொறுமை



கடந்த மாதம் நன்றி சொல்லும் பழக்கத்தைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் பொறுமை. உண்மையைச் சொன்னால், இந்தச் சொல்லை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் பெண்களிடம் எல்லோரும் கேட்கும் குணம் இது ஒன்றுதான். கணவன் அடித்தால் பொறுமை, சம்பளம் குறைந்தால் பொறுமை, காணாமல் போன பிள்ளையைப் பற்றிப் பதில் கிடைக்காவிட்டாலும் பொறுமை. நானும் ஒருமுறை அப்படிப் புத்திமதி சொல்லி வெட்கப்பட்டேன்.

2016ஆம் ஆண்டு டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மாமியாரையும் மருமகளையும் சந்தித்தேன். மாமியார் இந்த மலையிலேயே பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியது வடக்கிலுள்ள சகோதரிகளுக்குத் தெரிந்ததே. இவருடைய குடும்பமும் அப்படிப் போனதுதான். கணவர் அங்கே நோயில் இறந்தார். 2009இல் முள்ளிவாய்க்காலில் மூத்த மகன் ஷெல் விழுந்து இறந்தான். இளையவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. செட்டிகுளம் முகாம், பிறகு கூரையில்லாத வீடு என்று அலைந்து, 2013இல் மூத்தவனின் மனைவியோடு தன் தம்பியின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரே காம்பராவில் ஏழு பேர். மருமகள் வன்னியில் பிறந்தவள். வந்த புதிதில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டக்கூடத் தெரியாது. லயத்தில் அவளுக்குப் பெயர் 'வன்னிக்காரி'.

மாமியார் யாரோடும் பேசமாட்டார். பேசினால் சுள்ளென்று விழுவார். ஆலயத்துப் பெண்கள், "மனசில கசப்ப வச்சுக்கக் கூடாதும்மா" என்று சொல்லிப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். நான் என் பங்குக்கு, "பொறுமையா இருங்கம்மா, கடவுள் பாத்துக்குவாரு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொறுத்துத்தானே மிஸ் இங்க வந்து உக்காந்திருக்கேன். இன்னும் எத்தன கிலோ பொறுக்கணும்னு சொல்லுங்க, நிறுத்துத் தாறேன்."

சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கேள்விக்கு அதில் விடை இருக்கவில்லை.

அன்றிரவு ரூத்தின் புத்தகத்தை எடுத்தேன். நான்கே அதிகாரங்கள். பெத்லகேமில் பஞ்சம் வர, நகோமி குடும்பத்தோடு மோவாப் தேசத்துக்குப் போகிறாள். அங்கே கணவனும் இரண்டு மகன்மாரும் இறந்துபோகிறார்கள். ஏறத்தாழப் பத்து வருடங்களின் பின் மருமகள் ரூத்தோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் இது நகோமிதானா என்று கேட்க, இனிமை என்று பொருள்படும் அந்தப் பெயரால் இனி என்னை அழைக்காதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்றே அழையுங்கள் என்கிறாள். நிறைவாகப் போன தன்னைக் கடவுள் வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று ஊருக்கு நடுவில் சொல்லுகிறாள். எத்தனையோ தடவை வாசித்த இடம். ஆனால் ஒன்றை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவளை யாரும் கண்டிக்கவில்லை. ஊர்ப் பெண்களும் கண்டிக்கவில்லை, கடவுளும் கண்டிக்கவில்லை. வேதம் அவளுடைய கசப்பை அப்படியே எழுதி வைத்துவிட்டு, வாற்கோதுமை அறுவடை தொடங்கியது என்று கதையைத் தொடருகிறது.

ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். இது பிச்சையல்ல. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அவை ஏழைக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் உரியவை என்று லேவியராகமமும் உபாகமமும் சட்டமாகவே சொல்லுகின்றன. நிவாரண வரிசையில் தலைகுனிந்து நின்ற சகோதரிகள் இதை நினைவில் வைத்திருங்கள். வயல்காரன் போவாஸ் வேலைக்காரர்களிடம் அவளைச் சீண்டக்கூடாது, வெட்கப்படுத்தக்கூடாது என்று சொல்லிவைக்கிறான். ஆகவே நற்குணம் பாதிக்கப்பட்டவளிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுவதல்ல. 'வன்னிக்காரி' என்று கூப்பிட்ட எங்கள் லயத்துக்கும் அதில் பங்கு உண்டு. (ரூத்தையும் மோவாபியப் பெண் என்றுதானே கடைசிவரை சொன்னார்கள்!)

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விடயம். மத்தியானம் போவாஸ் கொடுத்த வறுத்த கோதுமையை ரூத் பசியாறச் சாப்பிட்டு, மிச்சத்தை எடுத்து வைக்கிறாள். பொழுதுபட்டபின் தானியத்தோடு அந்த மிச்சத்தையும் மாமியாருக்குக் கொடுக்கிறாள். கசந்துபோயிருந்த நகோமியும் சும்மா இருக்கவில்லை. வேறு வயலுக்குப் போகாதே, போவாஸின் வேலைக்காரப் பெண்களோடேயே இரு, அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்று வழி சொல்லுகிறாள். கசப்பு போய்விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. கசப்போடேயே அடுத்தவளுக்கு வேண்டியதைச் செய்கிறாள். பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனபோது மருமகளிடம், கொழுந்து எடுக்க யார் பழக்கியது என்று கேட்டேன். "அத்தைதான் மிஸ்" என்றாள். வந்த புதிதில் அந்தியில் லயத்துக்குப் பக்கத்துச் செடியில் கையைப் பிடித்து, இரண்டு இலையும் மொட்டும் எப்படிக் கிள்ளுவது, முற்றின இலையை எப்படி விடுவது என்று காட்டினாராம். கொழுந்து மடுவத்தில் நிறை பார்க்கும்போது தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது, கழிவு கூடினால் ஏன் என்று கேட்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் பொறுமையைப் பற்றிப் புத்திமதி சொல்ல வந்ததற்கு மூன்று வருடம் முந்தியே நடந்தது இது.

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு நகோமியின் கதையைச் சொன்னேன். ரூத்துக்குப் பிள்ளை பிறந்து, நகோமி அதை மடியில் வைத்து வளர்த்ததுவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவோட மகன்மாரு திரும்பி வந்தாங்களா மிஸ்?"

"இல்லம்மா. வரல."

கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உள்ளதத்தான் எழுதியிருக்காங்க" என்றார். பிறகு, பெண்கள் கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டார்.