சக்கரம் பூட்டிய கொட்டாரம்

கொட்டாரம் என்றால் அரண்மனை. நாஞ்சில் நாட்டார் அறிந்த சொல் அது. குமரிமுனை செல்லும் சாலையில், நம் கொட்டாரம் ஊரைக் கடந்து இன்று சக்கரம் பூட்டிய கொட்டாரங்கள் பறக்கின்றன! சொகுசு வரிசையின் முதற்படி என்று விற்கப்படும் செடான் கார்கள் அவை.

குதிரையின் பாய்ச்சலும் பல்லக்கின் சுகமும் ஒன்றாய் அமைவது எளிதன்று. வளைவில் சாயாதிருக்க ஸ்பிரிங் இறுக வேண்டும். பள்ளத்தில் குலுங்காதிருக்க அது இளக வேண்டும். இந்த முரணை இணக்குவதே பொறியாளர் திறம். பி.எம்.டபிள்யூ 3 வரிசைக் காரில் முன் அச்சும் பின் அச்சும் ஏறத்தாழச் சரிபாதி பாரம் சுமப்பது அதற்காகத்தான். செங்கற்பட்டை அடுத்து 2007-ல் தொடங்கிய ஆலையில் அந்தக் காரை இணைப்பவர் நம் தொழிலாளர். அந்தத் திறமையை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் பழங்கதை ஒன்றை மறக்கலாமா? சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1985-ல் அது 'ஸ்டாண்டர்டு 2000' என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் ரோவர். உள்ளமோ பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின்! விலை உச்சியில், வேகம் தரையில். வாங்குவோர் விலகினர். 1988-ல் உற்பத்தி நின்றது. காரை வாங்கவே முடியாத தொழிலாளி, அந்தக் கார் தோற்றதற்காக வேலையை இழந்தான்!

இன்றைய நிலை என்ன? 1500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய செடானுக்கு ஜி.எஸ்.டி.யும் மேல்வரியும் சேர்ந்து 48 சதவிகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆயிற்று. வரிக்கு முந்திய விலை 40 லட்சம் என்று கொண்டால் 3,20,000 ரூபாய் மிச்சம்! பேருந்துக்கும் 28 சதவிகிதம் 18 ஆயிற்று; அதை வரவேற்கிறோம். அந்த மிச்சம் கூடுதல் பேருந்தாகக் கொட்டாரம் நிறுத்தத்தில் வந்து நிற்கட்டும்!

சீமானுக்குச் சலுகை தந்த அரசு, ஆலை முதலாளிக்கு நிபந்தனை விதிக்க அஞ்சுவானேன்? ஒப்பந்தக் கூலிமுறை ஒழியட்டும். பிறர் வடித்த பாகங்களை இணைப்பதோடு நில்லாமல், எஞ்சினை வடிக்கும் அறிவும் இங்கே வேரூன்றட்டும். அது இல்லாமற்போனதால்தான் பெருங்களத்தூர் வீழ்ந்தது.

தோழர்களே! வேகத்தையும் சுகத்தையும் ஒரே வண்டியில் சமன் செய்ய முடிகிறது. வண்டியைச் செய்பவன் வாழ்வையும் வாங்குபவன் வாழ்வையும் ஒரே நாட்டில் சமன் செய்ய முடியாதா? முடியும். கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்!